மூலமொழிக்குத் திரும்புதல்: வல்லா முதல் எராஸ்மஸ் வரை ஐரோப்பியச் செவ்வியற் கல்வியும் கிறித்தவமும்

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்க, இலத்தீன் செவ்வியற் கல்வி ஐரோப்பாவில் புத்துயிர் பெற்றது. அது கிறித்தவத்தை எவ்வாறு மாற்றியது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய நூல்களின் கருத்துகளைக் காட்டிலும், அவற்றைப் பிழையறப் படிக்கும்பொருட்டு வளர்ந்த மூலபாட ஆய்வு முறையே ஆழ்ந்த மாற்றத்தை விளைவித்தது என்பது கட்டுரையின் கருதுகோள். லொரென்சோ வல்லா 1440-இல் எழுதிய ஆவண ஆய்வும், எராஸ்மஸ் 1516-இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறுமலர்ச்சி, மூலபாட ஆய்வு, வல்லா, எராஸ்மஸ், வல்கேட், சமயச் சீர்திருத்தம்.

முன்னுரை

1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் வசமானது. கிரேக்க அறிஞர்கள் ஏடுகளுடன் இத்தாலிக்குப் பெயர்ந்தனர். அதனால் மறுமலர்ச்சி தோன்றியது என்பது பாடநூல் வழியாக நாம் அறிந்த விளக்கம். கால வரிசை இவ்விளக்கத்திற்கு இடங்கொடுப்பதில்லை. சிசரோவின் கடிதங்களைப் பெட்ரார்க் வெரோனாவில் கண்டெடுத்தது 1345-இல். மனுவேல் கிரிசொலோராஸ் ஃபிளாரன்சில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397-இல். குவின்டிலியனின் முழு நூலைப் போஜ்ஜியோ செயின்ட் கால் மடத்தில் கண்டது 1416-இல். எனவே 1453-ஐ இவ்வியக்கத்தின் தொடக்கமாகக் கொள்ள இயலாது. ஏற்கெனவே பெருகியிருந்த ஓர் ஆர்வத்திற்கு அவ்வாண்டு வலுச் சேர்த்தது எனலாம். கர்தினால் பெசாரியோன் தம் கிரேக்க ஏட்டுத் தொகுப்பை 1468-இல் வெனிசு நகருக்கு வழங்கியது இவ்வலுவிற்கு ஒரு சான்று.

இவ்வறிஞர்களைத் தமிழில் ‘மனிதநேயர்’ என்று குறிக்கிறோம். அச்சொல் இரக்கத்தையும் ஈகையையும் நினைவூட்டுவதால் சற்றே திசைதிருப்புகிறது. அவர்கள் இலக்கணம், அணியியல், கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்து துறைகளைக் கற்றும் கற்பித்தும் வந்தவர்கள். ஒரு சொல் எக்காலத்தில் எப்பொருளில் வழங்கியது என்பதை அறிவதே அவர்களின் தொழில். அத்தொழில் திருச்சபையின் ஏடுகளைத் தொட்டபோது நிகழ்ந்தவற்றையே பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

சொல்லே சாட்சி: கான்ஸ்டன்டைன் நன்கொடை ஆவணம்

பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமையும் மேற்குப் பகுதிகளையும் போப்பாண்டவர் முதலாம் சில்வெஸ்டருக்கு வழங்கியதாகக் கூறும் ஓர் ஆவணம் இடைக்காலம் முழுவதும் செல்வாக்குப் பெற்றிருந்தது. போப்பாண்டவரின் உலகியல் அதிகாரத்திற்கு அது ஓர் ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்டது. 1433-இல் குசாவின் நிக்கோலஸ் அதன் உண்மைத்தன்மையை ஐயுற்றார். 1440-இல் வல்லா அதைச் சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்ந்தார்.

அவருடைய சான்றுகள் பெரும்பாலும் மொழி சார்ந்தவை. பாரசீக ஆட்சியாளர்களைக் குறிக்கும் ‘சத்ரப்’ என்னும் சொல் ரோமானியப் பேரரசரின் ஆணையில் அதிகாரிகளைக் குறிக்க வருவது ஏன்? நான்காம் நூற்றாண்டு அரசவையின் இலத்தீன் இவ்வளவு கொச்சையாக இருக்குமா? நன்கொடை வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்தில் தோன்றியிராத கான்ஸ்டான்டிநோபிளை, அந்த ஆவணம் திருச்சபைத் தலைமையிடங்களுள் ஒன்றாகக் குறிப்பது எவ்வாறு? இத்தகைய வினாக்களால் ஆவணம் பிற்காலப் புனைவு என அவர் நிறுவினார். அது எட்டாம் நூற்றாண்டளவில் உருவானது என்பது இன்றைய ஆய்வாளர்களின் பொதுக்கருத்து.

வல்லா நடுநிலையில் நின்று எழுதியவர் அல்லர். நேப்பிள்ஸ் தொடர்பாகப் போப்பாண்டவர் நான்காம் யூஜினுடன் முரண்பட்டிருந்த அரகோன் மன்னர் அல்ஃபோன்சோவின் பணியில் அவர் அப்போது இருந்தார். ஆயினும் ஆதரித்தவர் யார் என்பதைக் கொண்டு சான்றின் வலிமையை அளவிட இயலாது. பின்னர்ப் போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலஸ் வல்லாவுக்குத் தம் அலுவலகத்திலேயே பணியளித்தார். திருச்சபை இவ்வறிவைத் தொடக்கத்தில் பகையாகக் கருதவில்லை என்பதை இது காட்டுகிறது.

விவிலியமும் ஒரு பாடமே

இதே முறையை வல்லா புதிய ஏற்பாட்டிற்கும் பயன்படுத்தினார். வழக்கிலிருந்த வல்கேட் இலத்தீன் மொழிபெயர்ப்பைக் கிரேக்கப் படிகளுடன் ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். அக்குறிப்புகளின் கையெழுத்துப்படியை 1504-இல் லூவேன் நகரையடுத்த ஒரு மடத்து நூலகத்தில் எராஸ்மஸ் கண்டெடுத்து, 1505-இல் பாரிசில் அச்சிட்டார்.

1516-இல் பாசெல் நகரில் ஃப்ரோபன் அச்சகத்தின்வழி அவருடைய புதிய ஏற்பாட்டுப் பதிப்பு வெளிவந்தது. கிரேக்க பாடமும், திருத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பும், விரிவான குறிப்புகளும் அதில் இடம்பெற்றன. அது போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஸ்பெயினின் அல்காலாவில் கர்தினால் சிஸ்னேரோஸ் ஆதரவில் உருவான பன்மொழி விவிலியத்தின் புதிய ஏற்பாடு 1514-இலேயே அச்சாகியிருந்தும், உடனே வெளியிடப்படவில்லை. இவ்விரு முயற்சிகளும் திருச்சபைக்கு உள்ளிருந்தே எழுந்தவை என்பது கருதத்தக்கது.

ஒரு சொல்லின் விளைவு

மத்தேயு நற்செய்தியில் (3:2, 4:17) வரும் ‘மெட்டனோயைட்டே’ என்னும் கிரேக்க ஏவல்வினையை வல்கேட் ‘பெனிடென்சியாம் அகிட்டே’ என்று பெயர்த்திருந்தது. இத்தொடரை ‘வருந்தித் திரும்புங்கள்’ என்றும் கொள்ளலாம். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் ‘பரிகாரத்தைச் செய்யுங்கள்’ என்றும் கொள்ளலாம். இரண்டாம் பொருள் இடைக்காலத் திருவருட்சாதன நடைமுறையுடன் நெருங்கிப் பொருந்தியது. கிரேக்கச் சொல் உள்ளத்தின் மாற்றத்தைக் குறிப்பது என்பதை எராஸ்மஸ் தம் குறிப்புகளில் எடுத்துக்காட்டினார்.

1517-இல் மார்ட்டின் லூத்தர் முன்வைத்த 95 கருத்துரைகளில் முதலிரண்டும் இச்சொல்லைப் பற்றியவையே. இயேசு கேட்பது வாழ்நாள் முழுவதுமான மனமாற்றம். அது குருமார் நிறைவேற்றும் சடங்கைச் சுட்டாது என்பது அவற்றின் சாரம். கிரேக்கம் கற்றவர்களிடமிருந்து இச்சொற்பொருளை அறிந்ததைத் தம் சபைத் தலைவர் ஸ்டௌபிட்சுக்கு 1518-இல் எழுதிய கடிதத்தில் லூத்தர் குறிப்பிட்டார். பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனை, ஜெர்மானிய அரசியல், இறையியல் மரபுகள் எனச் சீர்திருத்தத்திற்குக் காரணங்கள் பல. சொல்லாராய்ச்சி மட்டுமே அதைத் தோற்றுவித்தது என்பது மிகைக்கூற்றாகும். எனினும் எதிர்ப்பிற்கு ஓர் அறிவுத்தளத்தை அது அமைத்துக்கொடுத்தது. லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டிற்கு எராஸ்மசின் 1519 பதிப்பே அடிப்படை.

எராஸ்மஸ் கத்தோலிக்கராகவே நீடித்தார். 1524-இல் மனித விருப்புரிமை குறித்து லூத்தரை மறுத்து எழுதினார். மறு ஆண்டில் லூத்தர் அதற்குக் கடுமையாக மறுமொழி தந்தார். ஒரே மூலபாடத்தை ஏற்ற இருவரும் அதன் பொருளில் ஒன்றுபடவில்லை.

முறையின் எல்லைகள்

எராஸ்மசின் பதிப்பு குறையற்றதன்று. பாசெலில் கிடைத்த சில பிற்காலப் படிகளையே அது சார்ந்திருந்தது. திருவெளிப்பாட்டிற்குக் கிடைத்த ஒரே படியில் இறுதி ஏடு இல்லாமையால், கடைசி வசனங்களை வல்கேட்டிலிருந்து அவரே கிரேக்கத்தில் பெயர்த்து நிரப்பினார். மூலத்தைக் கொண்டு மொழிபெயர்ப்பைத் திருத்த முனைந்த பதிப்பில், மொழிபெயர்ப்பிலிருந்தே மூலத்தின் ஒரு பகுதி உருவாக்கப்பட்டது.

யோவான் முதல் மடலில் (5:7) வானகச் சாட்சிகள் மூவரைக் குறிக்கும் தொடர் மற்றொரு சான்று. தாம் கண்ட கிரேக்கப் படிகளில் அது இல்லாமையால் முதலிரு பதிப்புகளில் எராஸ்மஸ் அதை விட்டுவிட்டார். மூவொரு கடவுள் கோட்பாட்டைக் குலைக்கிறார் எனக் கண்டனம் எழுந்தது. பின்னர் அத்தொடரைக் கொண்ட ஒரு படி காட்டப்பட்டபோது, அதன் நம்பகத்தன்மையில் ஐயம் நீங்காமலே, 1522 பதிப்பில் அதைச் சேர்த்தார். அப்படி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. சான்றின் வழி நடப்பதாகக் கூறிய அறிஞரும் தம் காலத்தின் அழுத்தத்திற்கு உட்பட்டே இயங்கினார்.

திருச்சபையின் எதிர்வினை

1546-இல் டிரென்ட் பொதுச்சங்கம் வல்கேட்டை அதிகாரப்பூர்வப் பாடமாக அறிவித்தது. 1559-இல் வெளியான தடைநூற்பட்டியலில் எராஸ்மசின் நூல்கள் அனைத்தும் இடம்பெற்றன. ஆனால் வல்கேட்டைப் பிழையின்றி அச்சிட வேண்டும் எனவும் டிரென்ட் ஆணை பணித்தது. 1590-இல் வெளிவந்த பதிப்பு விரைவில் திரும்பப்பெறப்பட்டு, 1592-இல் திருத்திய பதிப்பு வந்தது. எது சரியான வல்கேட் என முடிவுசெய்யவும் படிகளை ஒப்பிட்டாக வேண்டியிருந்தது. மரபை எதிர்த்தவர்க்குப் பயன்பட்ட கருவியே மரபைக் காக்க முனைந்தவர்க்கும் தேவைப்பட்டது.

முடிவுரை

செவ்வியற் கல்வி கிறித்தவத்தை அழிக்க வந்த புறச்சமய மீட்சியன்று. ஏட்டின் அதிகாரம் அதன் மொழிச்சான்றுக்குக் கட்டுப்பட்டது என்னும் புதிய அளவுகோலை அது உருவாக்கியது. அதை உருவாக்கியவர்கள் திருச்சபையைப் பிளக்க எண்ணியவர்கள் அல்லர். அளவுகோல் பொதுவுடைமையானபின் அதன் விளைவுகள் அவர்கள் கையில் இல்லை.

அவ்விளைவுகள் தமிழிலும் காணக்கிடைக்கின்றன. தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறிய சீகன்பால்கின் புதிய ஏற்பாடு கிரேக்க மூலத்தை அடிப்படையாகக் கொண்டது. இன்று சீர்திருத்தச் சபைகளின் பழைய திருப்புதலில் ‘மனந்திரும்புங்கள்’ எனவும், பொது மொழிபெயர்ப்பில் ‘மனம் மாறுங்கள்’ எனவும் காண்கிறோம்; இரண்டும் கிரேக்கச் சொல்லின் பொருளையே தழுவியவை. யோவான் மடலின் அத்தொடரோ முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. எராஸ்மஸ் எதிர்கொண்ட பாடச்சிக்கலின் இரு முடிவுகளும் தமிழ் வாசகர் கையிலுள்ள இரு நூல்களில் நிலைபெற்றுள்ளன. தமிழ் விவிலியப் பாடவேறுபாடுகளை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது மேலாய்வுக்குரிய களமாகும்.