பீப்... பீப்... கேட்கிறதா?

ஏர்போர்ட்டில், பெரிய கோயில் வாசலில், ஷாப்பிங் மாலில்... கதவே இல்லாத அந்த நிலைப்படியைத் தாண்டும்போது 'பீப்' என்று அது கத்தியதும் உங்களுக்கு ஒரு கணம் திக்கென்று ஆகிறதா, இல்லையா? நீங்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டீர்கள். பெல்ட்டோ, சாவிக்கொத்தோ பார்த்த வேலை அது. இருந்தாலும் கை தானாகப் பாக்கெட்டைத் தடவும்!

அந்தப் 'பீப்'புக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது ஒரு நோயாளியின் கட்டிலருகே ஆரம்பிக்கிறது.

1881, ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையம். அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்று நான்கே மாதம் ஆன ஜேம்ஸ் கார்ஃபீல்டை, சார்லஸ் கீட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று முதுகில் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. எங்கே தங்கியது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருந்தது. டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள்!

செய்தியைக் கேட்டுத் துடித்துப்போனவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். டெலிபோனுக்குப் பேட்டன்ட் வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வயது 34. 'விரலை விட்டுத் தேடுவானேன்? காதால் தேடலாமே' என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாய்ச்ச வேண்டும். அதன் பாதிப்பு இன்னொன்றில் தெரியாதபடி இரண்டையும் சமன் செய்து வைத்து, டெலிபோன் ரிசீவரை இணைத்துவிட்டால் ரிசீவர் கப்சிப். பக்கத்தில் ஏதாவது உலோகம் வந்தால் அந்தச் சமநிலை கெடும். ரிசீவர் முனக ஆரம்பித்துவிடும். தராசுத் தட்டில் ஒரு குந்துமணி விழுந்த மாதிரி!

பெல் ராப்பகலாக உழைத்தார். மாட்டு இறைச்சிக்குள் குண்டை ஒளித்துவைத்துத் தேடினார். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தார். சத்தம் கேட்டது.

ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் முதல் சோதனை. இணைப்பில் ஏதோ கோளாறு, ரிசீவரில் ஒரே இரைச்சல். ஆகஸ்ட் 1 அன்று மறுபடியும் போனார். இந்த முறை சத்தம் கேட்டது. ஆனால் ஒரு புள்ளியில் இல்லை. பரவலாக, பெரிய பரப்பில் கேட்டது!

பெல்லுக்குக் குழப்பம். மறுநாள் போய், 'பக்கத்தில் வேறு உலோகம் எதுவும் இல்லையே?' என்று விசாரித்தார். அப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது... ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை! 'அதுதான் குட்டையைக் குழப்பியது' என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் அதே மாதிரி ஒரு மெத்தையை வரவழைத்துப் பார்த்த பெல், அதன் மேல் பழியைப் போடத் தயங்கினார்.

பழி போட வேறு இடம் இருந்தது. 'குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது' என்பது தலைமை டாக்டர் பிளிஸ்ஸின் முடிவு. அதனால் பெல்லை வலது பக்கம் மட்டும்தான் தேடவிட்டார்கள். செப்டம்பர் 19 அன்று, சுடப்பட்ட 79-வது நாள், கார்ஃபீல்டு இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் குண்டு அகப்பட்டது. இடது பக்கம், கணையத்துக்குப் பின்னால் ஆழமாக!

உயிரைக் குடித்தது குண்டைவிடக் கிருமிதான் என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். இதற்கு நடுவே, அதே ஆகஸ்ட் மாதத்தில், பெல்லுக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தையும் இறந்துபோனது. அப்பாவின் சோகத்தையும் விஞ்ஞானியின் தோல்வியையும் அந்த மனிதர் ஒரே சமயத்தில் சுமக்க வேண்டியிருந்தது.

பெல்லின் சத்தம் வீண்போகவில்லை. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர் என்கிற இன்ஜினீயர், 1931-ல் கலிபோர்னியாவில் கார் ஷெட்டில் தொழில் ஆரம்பித்து, 'மெட்டலாஸ்கோப்' என்று ஒரு கருவியை விற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து ராணுவ அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்தபடி ஒரு கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைத்தார். 1942-ல் எல் அலமைன் பாலைவனத்தில், சிப்பாய்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை மட்டுமே நம்பி அடி அடியாக நடந்தார்கள். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும். கோசாட்ஸ்கியோ இதற்குப் பேட்டன்ட்கூட வாங்கவில்லை. அவர் பெயரையும் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். குடும்பம் நாஜிகளின் பிடியில், போலந்தில் இருந்ததே காரணம்.

போர் முடிந்தது. டிரான்ஸிஸ்டர் வந்ததும் கருவியின் எடை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இங்கிலாந்தில் மனிதர்கள் உழுத வயலில் இதைத் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்தார்கள். பொழுதுபோக்குப் புதையல்காரர்கள்!

இவர்களுக்கு ஒரு பிரச்னை. வயலில் பழைய ஆணியும் லாடமும்தான் ஏராளம். ஒவ்வொரு 'பீப்'புக்கும் குழி தோண்டினால் இடுப்பு என்ன ஆவது? இன்ஜினீயர்கள் ஒரு வழி செய்தார்கள். கருவி அனுப்பும் காந்த அலை உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது சற்றே தாமதமாகிறது. இரும்புக்கு ஒரு மாதிரி, வெள்ளிக்கு ஒரு மாதிரி. அந்த வித்தியாசத்தைச் சுருதியாக மாற்றினார்கள். இரும்பு என்றால் கட்டைக்குரலில் 'கர்ர்'. வெள்ளி, செம்பு என்றால் உச்சஸ்தாயியில் 'கீச்'. நடுத்தரமான உலோகத்துக்கு நடுச் சுருதி. எத்தனை சுருதி வேண்டும், எது எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இரும்பை ஊமையாக்கவும் ஒரு வசதி உண்டு.

இங்கேதான் வேடிக்கை. மெல்லிய தங்க மோதிரமும், கூல்டிரிங்ஸ் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே சுருதியில் பாடும்! குப்பை வேண்டாம் என்று அந்தச் சுருதியை அடைத்தால் தங்கமும் போச்சு. இரும்பையும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முழுக்க ஊமையாக்க மாட்டார்கள். ஆணிகள் நிறையக் 'கர்ர்' என்றால், அங்கே ஒரு காலத்தில் வீடு இருந்திருக்கலாம் இல்லையா?

1992, நவம்பர் 16. இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்கிற கிராமம். ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்கிற நண்பர் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு தேடப் போனார். சத்தம் கேட்டது. தோண்டினார். சுத்தியல் இல்லை... வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், நாணயங்கள்!

ஆசைப்பட்டு மொத்தத்தையும் வாரியிருக்கலாம். லாஸ் அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். 14,865 ரோமானிய நாணயங்கள்! எது எந்தப் பெட்டியில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்கிற விவரமெல்லாம் அப்படியே கிடைத்தது. வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதில் பாதியை விவசாயிக்குக் கொடுத்தார் லாஸ்.

நம் ஊரில் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

கருவி கத்தத்தான் செய்யும். அது சொல்வதைக் காதில் வாங்குவது மனிதன் பொறுப்பு. 'வலது பக்கம்தான்' என்று முடிவுகட்டிவிட்டுத் தேடவிட்ட டாக்டர், ஒரு ஜனாதிபதியை இழந்தார். சுத்தியலைத் தேடிப்போய், வேறு சத்தத்துக்கும் குனிந்து பார்த்த எரிக் லாஸ் ஒரு சாம்ராஜ்யத்தின் கடைசி நாட்களையே வெளியே கொண்டுவந்தார்.

ஆமாம், அந்தச் சுத்தியல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதுவும் கிடைத்தது. இப்போது தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சொந்தம்!