பசுங்கரையும் அறுதிக்கரையும்

தொண்டைமண்டலம் எனப் பழங்காலத்தில் வழங்கப்பட்டு, இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில், ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கியே நெல் விளைவிக்க வேண்டியிருந்தது. ஏரி நிரம்பிய ஆண்டில் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரியின் பாசனத்துக்கு உட்பட்ட வயற்பரப்பு, முழுவதும் பயிராகும்; நீர் குறைந்த ஆண்டிலோ மதகை ஒட்டிய வயல் விளைய, கடைமடை வயல் தரிசாகக் கிடக்கும். வயல் அமைந்த இடமே ஒரு குடும்பத்தின் நிறைவையும் வறுமையையும் முடிவு செய்யக்கூடிய இந்நிலையை எதிர்கொள்ள, இப்பகுதி ஊர்கள் பல கைக்கொண்ட வழக்கமே கரையீடு.

கரை என்பது இங்கே ஏரிக்கரையன்று; பங்கு என்பதே அதன் பொருள். பரம்பரை நில உரிமையான காணியாட்சியை (பின்னாளில் அரபு வழிச் சொல்லால் மிராசு எனப்பட்டது) உடையவர்கள், இன்ன வயல் தமக்குரியது என்று கூறவில்லை. ஊரின் மொத்தப் பங்குகளில் தமக்கு இத்தனை பங்கு உண்டு என்றே கூறினர். அந்தப் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் அதற்குரிய வயல் எது என்பதைச் சீட்டே முடிவு செய்தது. குறித்த காலத்துக்கு ஒரு முறை வயல்கள் மீண்டும் பங்கிடப்பட்டதால், ஒரு சுற்றில் கடைமடையில் நின்றவர் மறு சுற்றில் மதகடிக்கு வர வாய்ப்பிருந்தது. இவ்வாறு மாறிக்கொண்டே இருந்த பங்கீடு பசுங்கரை எனவும், ஒரு முறை பிரித்தபின் மாறாமல் நிலைத்துவிட்ட பங்கீடு அறுதிக்கரை எனவும் பெயர் பெற்றன. வானத்தின் போக்கைக் கட்டுப்படுத்த இயலாத உழவர்கள், அதனால் வரும் இழப்பு ஒரே குடும்பத்தின் தலையில் ஆண்டுதோறும் விழாதவாறு தடுத்துக்கொண்டனர் என்பதே இவ்வழக்கத்தின் உயிர்நாடி.

சீட்டெடுத்துப் பொறுப்பைச் சுழற்றும் பழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பராமரிக்கும் ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், அண்மை மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர்களை விலக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உத்தரமேரூர் ஊர்ச்சபையிலிருந்தே கரையீடு பிறந்தது எனக் கூறுவதற்கில்லை; ஆயினும், நிலையற்ற மழையை நம்பி வாழ்ந்த ஊர்களில் பதவியும் வயலும் ஒரே கையில் தங்கிவிடலாகாது என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருந்ததை இவ்விரண்டும் காட்டுகின்றன.

இந்தச் சமநிலை அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பங்குடையோர் பெரும்பாலும் வேளாளரும் பிராமணருமே. மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும், வயலில் இறங்கி உழைத்த பறையர் முதலான படியாட்களும் களத்து மேட்டில் மேரை எனப்படும் தானியப் பங்கு பெற்றார்களே தவிர, சீட்டில் அவர்களுக்கு இடமில்லை. விளைச்சல் சுருங்கிய ஆண்டில் அவர்களது மேரையும் சுருங்கியது. அதை ஈடு செய்யும் மறு சுற்று அவர்களுக்கு என்றும் வரவில்லை.

காணியாட்சி முறையைப் பற்றிப் பிரிட்டிஷ் ஆட்சியினரிடையே நடந்த நெடிய விவாதத்தில், சென்னை மாவட்டக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இல் எழுதிய மிராசு உரிமை பற்றிய விளக்கங்கள் முதன்மையானவை. அதற்குள் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. தாமஸ் மன்றோ 1820-இல் சென்னை ஆளுநரான பின் பரவலாக நிலைபெற்ற ரயத்துவாரி முறையில், அரசு ஊரை ஒரு தொகுதியாகக் கருதாமல், ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே தீர்வை விதித்து அதை ஒருவர் பெயரில் எழுதியது. பெயர் எழுதப்பட்ட வயல் எப்படிச் சுற்றி வரும்? பசுங்கரை ஊர்கள் படிப்படியாக அறுதிக்கரை ஊர்களாயின. கைமாறும் வயலுக்கு எவரும் எருவிடவோ அதில் கிணறு வெட்டவோ முன்வரமாட்டார் என்று எழுந்த வாதத்தில் உண்மை உண்டு. நிலைத்த வயலில் கிணறுகள் பெருகியதும் மெய்யே. ஆனால் மதகடி வயல் என்றென்றைக்கும் ஒருவருக்கு, கடைமடை வயல் என்றென்றைக்கும் வேறொருவருக்கு என்று ஆனபின், ஏரியில் வண்டல் சேர்வது இருவரையும் ஒரே அளவில் வருத்தவில்லை.

கரையை உயர்த்தவும் வாய்க்காலைத் தூர்வாரவும் ஊரார் கூடி உழைக்கும் குடிமராமத்து தளர்ந்துவருவதைக் கண்ட அரசு, வழக்கமாகச் செய்துவந்த அவ்வுழைப்பைச் சட்டக் கடமையாக்கி 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மண்வெட்டியுடன் வராதவரிடம் அதற்குரிய பணத்தை வசூலிக்க அச்சட்டம் வழி செய்தது. கடைமடைக்காரர் எதற்காக வரவேண்டும் என்ற கேள்விக்கு, முன்பு சீட்டு தந்த விடையை அச்சட்டத்தால் தர இயலவில்லை.