பித்தப்பை ஸ்கேனும் மார்பினும்

கல்லீரலில் ஊறும் பித்தநீர் முன்சிறுகுடலில் இறங்கும் இடத்தில் சிறிய சுருக்குத்தசை ஒன்று உண்டு. இத்தாலியின் பெருஜியாவில் மருத்துவ மாணவராக இருந்த ருஜ்ஜெரோ ஓடி 1887-இல் அதை ஆராய்ந்து விவரித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. வலி மருந்துகள் கதிரியக்க ஸ்கேன்களைக் குழப்பிய கதையின் பெரும்பகுதி இந்தத் தசையைச் சுற்றியே நடந்தது.

பித்தப்பைக் கல்லால் துடிப்பவருக்கு மார்பின் ஊசி போடுவது பழைய வழக்கம். ஊசிக்குப் பிறகு சிலருக்கு வலி கூடவும் செய்தது. 1936-இல் மெக்கோவன், பட்ச், வால்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் காரணத்தை அளந்தே காட்டினார்கள். அறுவைக்குப் பின் பித்தநாளத்தில் விட்டுவைக்கும் வடிகுழாயை அழுத்தமானியோடு இணைத்தார்கள். மார்பின் உடலில் ஏறியதும் நாளத்துக்குள் அழுத்தம் உயர்ந்தது. நைட்ரைட் மருந்து கொடுத்ததும் இறங்கியது. மார்பின் அந்தத் தசையை இறுக்கிப் பித்தநீரைத் தேக்குகிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. பெத்திடின் என்ற வலி மருந்து அவ்வளவாக இறுக்காது என்று பின்னர் பல பத்தாண்டுகள் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தரப்பட்டது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்பது 2001-இல் வெளியான ஒரு மறுஆய்வின் முடிவு.

பித்தநீரின் ஓட்டத்தை வெளியிலிருந்தே பார்க்கும் வழி 1955-இல் பிறந்தது. டாப்ளினும் அவருடைய சகாக்களும் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தில் அயோடின்-131 ஏற்றி, கல்லீரல் அதை உறிஞ்சி வெளியேற்றும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அயோடின்-131-இன் அரைஆயுள் 8 நாள். நோயாளி மீது விழும் கதிர்வீச்சை நினைத்து மிகக் குறைந்த அளவே கொடுக்க முடிந்தது. படம் தெளிவில்லாமல் வந்தது. 6 மணி நேர அரைஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் புழக்கத்துக்கு வந்த பிறகே நிலைமை மாறியது.

1970-களின் நடுவில் அமெரிக்காவின் மேரிலாந்தில் லோபர்க், ஹார்வி, கூப்பர் குழுவினர் இதயத்தைப் படமெடுக்க ஒரு டிரேசரை, அதாவது உடலுக்குள் செலுத்திப் படமெடுக்கும் கதிரியக்கப் பொருளை, தேடிக்கொண்டிருந்தார்கள். இதயத் துடிப்புக் கோளாறுக்கும் மரத்துப்போகும் ஊசிக்கும் பயன்படும் லிடோகெயினின் வடிவத்தைத் தழுவி ஒரு மூலக்கூறு செய்து, அதில் டெக்னீசியத்தைப் பிணைத்தார்கள். அது இதயத்தில் தங்காமல் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் கலந்தது. அதுதான் ஹைடா. பித்தப்பை ஸ்கேனுக்கு இன்றுவரை அந்தப் பெயரே வழங்குகிறது. வலியை மரக்கச் செய்யும் மருந்தின் சாயலில் பிறந்த டிரேசர், வலி மருந்தாலேயே தடுமாறியது வியப்பான தற்செயல்.

ஹைடா ஸ்கேனில், நரம்பில் செலுத்திய டிரேசர் ஒரு மணி நேரத்துக்குள் பித்தப்பையிலும் குடலிலும் தெரிந்தால் இயல்பு. குடலில் தெரிந்தும் பித்தப்பையில் 4 மணி நேரமாகத் தெரியாவிட்டால், பித்தப்பையின் குழாய் அடைபட்டுக் கடும் அழற்சி வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் நோயாளி வலிக்காக முன்கூட்டியே மார்பின் வாங்கியிருந்தால் தசை மூடிக்கொள்ளும். டிரேசர் குடலுக்கே போகாது. நாளத்தில் கல் அடைத்ததைப் போன்ற படம் வரும். பித்தப்பை எவ்வளவு சுருங்கி வெளியேற்றுகிறது என்ற கணக்கும் பிசகும். இப்படிப் பொய்யாக வரும் படம் தேவையற்ற மேல்சோதனைகளில் கொண்டுபோய் விடக்கூடியது.

இந்தக் கோளாறையே கருவியாக்கியது ஆஸ்திரேலியாவின் சோய் குழு. 1984-இல் 'ரேடியாலஜி' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் யோசனை எளிமையானது: வாசலை வேண்டுமென்றே மூடினால் நாளத்தில் அழுத்தம் ஏறும், குழாய் திறந்திருந்தால் டிரேசர் பின்வாங்கிப் பித்தப்பைக்குள் புகும். 4 மணி நேரக் காத்திருப்பு, மார்பின் கொடுத்த பின் அரை மணி நேரமாகச் சுருங்கியது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம், 50 கிலோ எடையுள்ளவருக்கு வெறும் 2 மில்லிகிராம். டிரேசர் குடலை எட்டியதைக் கண்ட பிறகே கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் பழைய குழப்பம் திரும்பிவிடும். ஒரே மருந்து நேரம் தவறினால் தடை, நேரம் அறிந்தால் உதவி. அணு மருத்துவத்தில் இதைவிட அழகான திருப்பம் அரிது.

இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்கும் ஸ்கேனுக்கும் இதே இடையூறு உண்டு. மார்பின் வகை வலி மருந்துகளான ஓபியாய்டுகள் இரைப்பையின் அசைவைத் தளர்த்துவதால், டிரேசர் கலந்த உணவு அதிலேயே தங்கி, இல்லாத நோயைக் காட்டும். அதனால் 2008-இல் அமெரிக்க நிபுணர்கள் ஒருமித்து வகுத்த நெறிமுறை, இத்தகைய மருந்துகளைச் சோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறது. எல்லா வலி மருந்தையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியல்ல. டைக்ளோஃபெனாக் போன்றவை மார்பினைப் போல் ஓடி தசையை இறுக்குவதில்லை.

ஊசி, மாத்திரை, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை என எந்த வடிவில் வலி மருந்து எடுத்தாலும், பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் ஸ்கேன் பிரிவில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நோயாளி தாமாக நிறுத்தக் கூடாது.