ஆடுகளம் வளர்த்த தலைமை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் ஞாயிறு பிறந்தால் மட்டையும் பந்துமாகத் திரளும் நம் இளைஞர்கள், விளையாட்டு வீரர் பலரின் சாதனைகளை மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆயினும் பல்வங்கர் பாலு என்னும் பெயரை அவர்களுள் பலர் கேட்டதில்லை. கல்விச் சங்க மலரில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களும் சற்றுப் பொறுத்து இதனைப் படிக்க வேண்டுகிறோம்.

1876இல் தார்வாரில், தீண்டாமைக்கு ஆளான சமார் வகுப்பில் பிறந்தவர் பாலு. தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டைகளைக் கொண்டே பாலுவும் தம்பியும் ஆடப் பழகினர். பூனாவில் பார்சிகளின் சங்கத்தில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சமன்செய்யும் வேலை கிடைத்தது; மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியர் சங்கத்தில் 4 ரூபாய். அங்கே கிரெய்க் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர், தம் பயிற்சிக்காகப் பிறர் வருமுன்னரே வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்வார். அவ்வாறு கூர்மை பெற்றதே அந்த இடக்கைச் சுழற்பந்து. மணிக்கணக்கில் வீசச் செய்தார்களே அன்றி, மட்டை பிடிக்க வாய்ப்பளித்தார்களில்லை. நம் களங்களில் பந்து பொறுக்கும் சிறுவனுக்கு நம் அண்ணன்மார் மட்டை தருகிறார்களா என்று இவ்விடத்தில் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளையரை வெல்ல வேண்டுமென்ற ஆசையால் பூனா இந்துக்கள் பாலுவைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை! பம்பாய் சென்றபின் நிலை சற்று மாறியது. 1906இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் பாலு நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

தலைமை மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. 1920இல் பாலு அணியில் சேர்க்கப்படாதபோது, அவர் வழியில் வளர்ந்த தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். தம் இடத்தைத் துறந்து அண்ணனுக்காக நின்ற அந்தச் செயலையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். அதன்பின் அவ்வாண்டே பாலு துணைத்தலைவரானார். 1923இல் விட்டல் தலைவராகி, இந்து அணி கோப்பையை வென்றது.

களத்தில் பெற்ற புகழே பாலுவைப் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்தது. 1932இல் பூனா ஒப்பந்தத்தில், நம் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவுடன் அவரும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அவ்வரசியலில் நாம் பாலுவின் பக்கம் நிற்க இயலாது. எனினும் அவர் அடைந்த அவமதிப்பு நம்முடையதே. 1955இல் அவர் மறைந்தார். இந்து அணியின் தலைவர் என்னும் பதவியை அவருக்கு இறுதிவரை எவரும் அளிக்கவில்லை.