நானா? முன்னாள் படைவீரர் ஓய்வூதிய வழக்குகளில் ஐயத்தின் பலன்

ராணுவத்திலிருந்து உடற்குறையோடு வெளிவருபவருக்கு மருத்துவக் குழு ஒரு படிவம் எழுதுகிறது. நோயின் பெயர், குறையின் விழுக்காடு, அதன்பின் மூன்று கட்டங்கள்: பணியால் வந்ததா, பணியால் முற்றியதா, பணியோடு தொடர்பே இல்லாததா. முதல் இரண்டிலும் ‘இல்லை’ விழுந்தால் அதற்கு ராணுவ வட்டாரத்தில் ஒரு சுருக்கப் பெயர் உண்டு: ‘நானா’. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் தற்செயலாகச் சேர்ந்த ஒலிதான். ஆனாலும் தமிழ்க் காதில் அது ஒரு கேள்வியாகவே விழுகிறது. இந்த நோயை வரவழைத்துக்கொண்டது நானா?

செவிலிமேட்டில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தறியில் உட்கார்ந்தார். தம்பி மருத்துவச் சோதனையில் தேறிப் படைக்குப் போனார். 17 ஆண்டு கழித்துத் தம்பி ரத்தக்கொதிப்போடு, 30 விழுக்காடு குறை என்ற குறிப்போடு ஊர் திரும்புகிறார். 15 ஆண்டு நிறைந்ததால் பணி ஓய்வூதியம் வந்துவிடும். உடற்குறைக்கான பங்கு வேண்டுமானால் குறை 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதைவிட முக்கியமாக, அந்த ‘நானா’ உடைபட வேண்டும். எங்கே போய் உடைப்பது? இன்று அதற்கான இடம் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம்.

அந்தத் தீர்ப்பாயத்தின் வரலாற்றை மூடிய கதவு திறந்த கதையாக எழுதுவதே வழக்கம். அது பாதிக் கதை என்பதே என் வாதம். ஐயம் எழுந்தால் பலன் யாருக்கு, தோற்ற அரசு மேலே போகலாமா என்ற இரண்டும்தான் இங்கே நீதியின் அளவைத் தீர்மானித்திருக்கின்றன.

கதவு மூடியிருந்தது உண்மை. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின்படி, ஆட்சியரின் சான்று இல்லாமல் ஓய்வூதியம் பற்றிய வழக்கை உரிமையியல் நீதிமன்றம் எடுக்க முடியாது. கொடுப்பது கொடை, கொடையைக் கேட்டு வழக்காட முடியுமா என்ற மனநிலை அது. ஓய்வூதியம் கொடை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொல்ல 1971 வரை நூறாண்டு ஆயிற்று. ராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீடுகூட இல்லையே என்று அதே நீதிமன்றம் 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் குறைபட்டுக்கொண்டது. சட்ட ஆணையத்தின் 169ஆம் அறிக்கை 1999இல் வந்தது, சட்டம் 2007இல் நிறைவேறியது, தீர்ப்பாயம் 2009 ஆகஸ்ட் 8 அன்று தொடங்கியது. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் படையில் உயர்பதவி வகித்த நிர்வாக உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து அமர்வார்கள். சென்னையிலும் ஒரு கிளை உண்டு. செவிலிமேட்டிலிருந்து காலையில் பேருந்தேறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

அமெரிக்கா இதே பாதையில் சற்று முன்னே போயிற்று. அங்கேயும் 1933 முதல் படைவீரர் உதவித்தொகை முடிவுகளை நீதிமன்றம் தொட முடியாமல் இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்துச் சட்டமோ வழக்கறிஞர் கூலியை 10 டாலரோடு நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் கூலிக்கு யார் வருவார்? 1988 நவம்பரில் இந்தத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1989இல் வேலையைத் தொடங்கிய படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் இன்றைய பெயரைப் பெற்றது. நமக்குப் பாடம் பெயரில் இல்லை. நிர்வாக வாரியம் வீரருக்குச் சாதகமாக முடிவு சொல்லிவிட்டால், துறை அதை எதிர்த்து இந்த நீதிமன்றத்தின் படி ஏற முடியாது. அங்கே மேல்முறையீடு வீரருக்கு மட்டுமே. (இதற்கும் மேலுள்ள நீதிமன்றத்துக்குச் சட்டக் கேள்வியோடு இருவரும் போகலாம்.) சான்றுகள் இருபுறமும் ஏறக்குறையச் சமமாக நின்றால் தராசு வீரர் பக்கம் சாய வேண்டும் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி.

நம் விதிகளிலும் இந்தச் சாய்வு இருந்தது. யாரும் படிக்கவில்லை என்பதே சங்கடம். சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், ஐயத்தின் பலன் வீரருக்கே என்பது 1982 விதிகளின் சாரம். தரம்வீர் சிங் 1985இல் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்தவர்; வலிப்பு நோய், 20 விழுக்காடு குறை என்று 1994இல் அனுப்பப்பட்டார். உடல்வாகால் வந்த நோய் என்று மருத்துவக் குழு எழுதியது. ஏன் என்று எழுதவில்லை. சேர்க்கும்போது கண்ணில் படாத நோயை அனுப்பும்போது பிறவிக் குணமாக்க வேண்டுமானால் காரணம் காட்டும் சுமை அமர்த்தியவருடையது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘நானா?’ என்ற கேள்வி அன்று ஆள் மாறியது.

நடுகல் காலத்து வழக்கை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. போரில் பட்டவன் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குருதிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இன்றைய வழக்குகளில் பெரும்பகுதி குருதி சிந்தாத நோய்களைப் பற்றியது. ரத்தக்கொதிப்பும் நீரிழிவும் எந்த நாளில் எந்த முகாமில் தொடங்கின என்று எந்த மருத்துவரால் சொல்ல முடியும்? விடை தெரியாத கேள்வியில், தெரியாமைக்கு யார் விலை கொடுப்பது என்பதே வழக்கு.

அரசு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற படைவீரர்களைவிட அதிகாரிகளே அதிக விகிதத்தில் உடற்குறை ஓய்வூதியத்தோடு வெளியேறுவதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். 2023 செப்டம்பரில் விதிகள் இறுக்கப்பட்டன. ஆனால் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துபவரைத் தேடும் வலையில் முதலில் சிக்குவது வழக்கறிஞர் வைக்க வழியில்லாத சிப்பாய்தான். வென்றவர் மீதே மேல்முறையீடு செய்யும் வழக்கத்தைக் கைவிடும்படி பாதுகாப்பு அமைச்சர் அமைத்த வல்லுநர் குழுவே 2015இல் பரிந்துரைத்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

தோற்ற வீரருக்கோ வழி சுருங்கியது. தீர்ப்பாயத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றம் இந்த வழக்குகளை எடுக்கலாகாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்தது டெல்லியில் உச்ச நீதிமன்றம், அங்கேயும் பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருந்தால்தான் பொதுவாக மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கும். ஒரு சிப்பாயின் 30 விழுக்காட்டில் என்ன பொது முக்கியத்துவம்? பரசோத்தம் தாஸ் வழக்கில் 2023 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் திறந்தது. திறந்த கதவு அரசுக்கும் திறந்ததுதான். சாதகமான ஆணையோடு நிற்கும் வீரரை அரசு இப்போது இன்னொரு படியிலும் சந்திக்கலாம்.

தாமதத்தின் கணக்கு தர்சேம் சிங் வழக்கில் இருக்கிறது. 1983இல் உடற்குறையோடு அனுப்பப்பட்டவர் 1999இல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் வழக்கு காலாவதியாகவில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிலுவை மட்டும், மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குத்தான். அதற்கும் முந்தைய 13 ஆண்டுத் தொகை அரசிடமே தங்கிவிட்டது.