குழந்தை யாருடைய உடைமை?

கணவனும் மனைவியும் மனமொத்து வாழ்வதே இல்லறம். அவ்வொருமை அடியோடு அற்றுப்போன இடத்தில் இருவரும் பிரிந்துசெல்வது பாவமாகாது என்பதை அறிவுடை உலகம் ஒப்புக்கொண்டு வெகுநாளாயிற்று. 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு, ஒத்துவாழ இயலாத மணத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை இருபாலார்க்கும் வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வருஷக் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அக்கொள்கையும் அவருடன் கடல் கடந்து வந்தது.

பிரிவு நேரும்போது நகையை நிறுத்துப் பங்கிடலாம். பண்டபாத்திரங்களை எண்ணிப் பங்கிடலாம். பெற்ற குழந்தையை எத்தராசில் வைத்து நிறுப்பது? "பிள்ளை என்னுடையது" என்று தகப்பன் முழங்குகிறான். "பத்துமாதம் சுமந்தவள் நான்" என்று தாய் கதறுகிறாள். "பிள்ளையைக் காட்டினால்தான் காசு" என்பது ஒருவர் பேரம். "காசு தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்" என்பது மற்றவர் பேரம். நம் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து மாடிவீடுகளிலும் கேட்கும் இக்கூச்சல் புதியதன்று. இதற்கு நீண்ட சரித்திரம் ஒன்று உண்டு. நம் நாட்டுச் சட்டங்களுக்குப் பெரும்பாலும் மூலமாக நின்ற ஆங்கில நாட்டிலே அது எவ்வாறு நடந்தது என்பதை ஆராய்வோமாக.

தந்தையின் ஏகபோகம்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலச் சட்டத்தின் கண்ணுக்கு மணமான பெண் ஒரு தனிமனுஷியாகவே தோன்றவில்லை. அவள் சம்பாத்தியம் கணவனுடையது. அவள் பெற்ற பிள்ளையும் கணவனுடையது. 1804-ம் வருஷம் டி மான்வில் என்பவன், தன்னைப் பிரிந்துசென்ற மனைவியிடமிருந்து எட்டுமாதக் கைக்குழந்தையைப் பறித்துச் சென்றான். பால் மறவாத பச்சிளங்குழவி! தாய் நீதிமன்றத்தை அணுகினாள். தகப்பனே சட்டப்படி உரியவன் என்று சொல்லி நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள். 1836-ம் வருஷத்துக் கிரீன்ஹில் வழக்கிலோ, கணவன் வேறொருத்தியுடன் வாழ்ந்தான். மனைவிமீது எக்குற்றமும் இல்லை. இருந்தும் சிறுமியர் மூவரையும் அவனிடமே ஒப்புவிக்கவேண்டுமென்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தோ! சட்டமென்னும் பெயரால் நடந்த கொடுமைகளுக்கு எல்லையுண்டோ!

காரலைன் நார்ட்டன்

இவ்விருளில் ஒரு விளக்கேற்றியவர் காரலைன் நார்ட்டன் என்னும் அம்மையார். புகழ்பெற்ற நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி; தாமும் கவிதையும் கதையும் எழுதிப் பொருளீட்டியவர். 1827-ல், தம் பத்தொன்பதாம் வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்னும் வக்கீலை மணந்தார். அவன் பார்லிமெண்டு அங்கத்தினனும் ஆவான். வெளியே கனவான், வீட்டிலே மனைவியை அடிக்கும் முரடன். மூன்று ஆண்பிள்ளைகள் பிறந்தனர். 1836-ல் பூசல் முற்றியபோது நார்ட்டன் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, மனைவிக்கு வீட்டுக் கதவை அடைத்தான். அதோடு நில்லாமல், அப்போது பிரதம மந்திரியாயிருந்த மெல்போர்ன் பிரபு தன் மனைவியுடன் கூடாவொழுக்கம் கொண்டாரென்று 10,000 பவுன் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தான். ஜூரிகள் இருந்த இடத்தைவிட்டு எழாமலே வழக்கைத் தள்ளினர்.

வழக்கு தள்ளுபடியாயிற்று; ஆயினும் பிள்ளைகள் திரும்பிவரவில்லை! குற்றமற்றவளென்று ஏற்பட்ட பின்னும், தம் மக்களைக் காண அம்மையார் கணவனின் தயவை எதிர்பார்த்தே நிற்கவேண்டியிருந்தது. வக்கீல்கள் மூலம் சமரசப் பேச்சு நடந்தது. ஆனால் ஒருவன் கையில் எல்லாமும் மற்றவள் கையில் ஒன்றுமில்லாமலும் இருக்கும்போது நடப்பது சமரசமாகுமா? அவன் நிபந்தனை விதிப்பான், அவள் கெஞ்சுவாள். இதை உணர்ந்த அம்மையார் கெஞ்சுவதை விடுத்துப் பேனாவை எடுத்தார். தாயையும் சேயையும் பிரிக்கும் சட்டத்தின் அநீதியை விளக்கித் துண்டுப்பிரசுரங்கள் எழுதிச் சட்டசபை அங்கத்தினர்களிடையே பரப்பினார்.

டால்போர்டு என்னும் அங்கத்தினர் மசோதாவைக் கொண்டுவந்தார். இவர் வக்கீல் தொழிலில் தந்தையர் பக்கம் நின்று வாதாடி வென்று, அவ்வெற்றியே தம் மனச்சாட்சியை உறுத்தக் கண்டவர். 1838-ல் பிரபுக்கள் சபை மசோதாவைத் தோற்கடித்தது. மறுவருஷம், 1839-ல், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன்னிடம் ஒப்புவிக்கும்படியும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் காண அனுமதிக்கும்படியும் நீதிமன்றத்தை வேண்டத் தாய்க்கு வழி பிறந்தது. ஒழுக்கக்கேடு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அவ்வழி அடைபட்டே இருந்தது. எனினும், தந்தையின் ஏகபோகக் கோட்டையில் விழுந்த முதல் விரிசல் இதுவே.

இச்சட்டத்தின் பலன் காரலைனுக்கே கிட்டவில்லை. ஆங்கில நீதிமன்றத்தின் அதிகாரம் எட்டாத ஸ்காட்லாந்துக்கு நார்ட்டன் பிள்ளைகளை அனுப்பிவிட்டான். 1842-ல் இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து, புண்ணில் நஞ்சேறி இறந்தான். செய்தி கேட்டு ஓடிவந்த தாய் கண்டது பெட்டியில் வைத்த உடலையே! அதன் பிறகுதான் மற்ற இருவரையும் தாய் காணத் தகப்பன் இசைந்தான். ஒரு பிள்ளை மாண்ட பிறகே மறுபிள்ளைகளைப் பார்க்கும் உரிமை கிடைத்ததென்றால், அதைச் சமரசமென்று எந்த நாக்கு சொல்லும்?

பணத்தின் கதையும் இத்தகையதே. 1848-ல் நார்ட்டனுக்கு ஒரு சொத்தின்பேரில் கடன் வாங்க மனைவியின் கையெழுத்து தேவைப்பட்டது. அதற்கு ஈடாக வருஷம் 500 பவுன் கொடுப்பதாகப் பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொடுத்தான். தாயார் இறந்து அம்மையாருக்குச் சிறிது வருமானம் வந்ததும், தொகையைக் குறைக்கப் பார்த்தான். அவர் இணங்காமற்போகவே அடியோடு நிறுத்தினான். 1853-ல் அம்மையாருக்குக் கடன் கொடுத்த ஒரு வண்டிக்காரர் நார்ட்டன்மீது வழக்கிட்டபோது உண்மை வெளிப்பட்டது. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. ஒருவர் தம்மோடு தாமே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. ஆகவே பத்திரம் செல்லாது! கையெழுத்திட்டவனே, "என் கையெழுத்து என்னைக் கட்டுப்படுத்தாது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். அம்மையார் ஆண் பெண் சமத்துவத்தை வற்புறுத்தியவரல்லர். ஆணே உயர்ந்தவனென்று எழுதியவர். அவ்வாறிருந்தும், அவர் தொடங்கிய கிளர்ச்சி அவர் எண்ணத்தையும் கடந்து ஓடிற்று. சீர்திருத்தத்தின் இயல்பு அது.

அன்னிபெசன்ட் அம்மையாரின் இரு வழக்குகள்

1873-ல் வந்த புதிய சட்டம் வயது வரம்பைப் பதினாறாக உயர்த்தியது. குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் பிரிவினைப் பத்திரத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு, குழந்தையின் நன்மைக்கு விரோதமாகாதவரை செல்லும் என்றது. அதே வருஷத்தில் அத்தகைய பத்திரமொன்றின்படி கணவனைப் பிரிந்தவர், நம்மவர் நன்கறிந்த அன்னிபெசன்ட் அம்மையார். அவர் கணவர் பிராங்க் பெசன்ட் ஒரு பாதிரியார். கிறிஸ்து மதத்தில் நம்பிக்கையிழந்த மனைவி கோவிலில் நற்கருணை பெற மறுத்ததே பிரிவுக்குக் காரணமாயிற்று. மகன் தந்தையிடம், மகள் மேபல் தாயிடம், தாய்க்குச் சிறு தொகை என்று ஏற்பாடாயிற்று. குடும்பத்தார் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு, நியாயமென்றே தோன்றும்.

1877-ல் அம்மையார், நாஸ்திகத் தலைவர் பிராட்லாவுடன் சேர்ந்து, கர்ப்பத்தடையைப் பற்றிய பழைய நூலொன்றை மறுபதிப்பிட்டு வழக்கில் சிக்கினார். மறுவருஷமே பாதிரியார் நீதிமன்றம் புகுந்தார். நாஸ்திகத்தைப் பரப்புவதும் இத்தகைய நூலை வெளியிடுவதும் பெண்குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவை என்று நீதிபதி ஜெசல் தீர்மானித்து, எட்டு வயதும் நிரம்பாத மேபலைத் தாயிடமிருந்து பிரித்தார். தாய் குழந்தையைப் பட்டினி போட்டாளா? அடித்தாளா? இல்லை. அவளுடைய கருத்தே குற்றம்! பகுத்தறிவு பேசியதற்காகப் பெற்ற மகளை இழந்த இவ்வரலாற்றைச் சுயமரியாதைக்காரர் மறத்தலாகாது. பிள்ளைகள் இருவரும் வயது வந்ததும் தாமாகவே தாயிடம் திரும்பினர் என்பது நீதிபதிக்குக் குழந்தைகளே எழுதிய பதில்.

காலச்சக்கரம் சுழன்றது. நாஸ்திகம் பேசிய அம்மையார் பிரம்மஞான சங்கத்தின் தலைவியாகிச் சென்னை அடையாற்றில் அமர்ந்தார். அச்சங்கத்தில் ஊழியம் புரிந்த நாராயணையா என்பார், 1910-ல் தம் புதல்வர்களான கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தம் இருவரையும் அம்மையாரின் பாதுகாப்பில் ஒப்புவித்துக் கடிதம் கொடுத்தார். கிருஷ்ணமூர்த்தியே வரப்போகும் ஜகத்குரு என்று சங்கத்தார் கொண்டாடினர். பின்னர்த் தந்தை மனம் மாறி, 1912-ல் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி வழக்குத் தொடுத்தார். சென்னை ஹைக்கோர்ட்டு தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. இங்கிலாந்தில் வசித்த அவ்விளைஞர்களின் நலனையும் விருப்பத்தையும் ஆராயாமல், மூட்டை முடிச்சைப்போல் ஒப்படைக்கச் சொல்வது தகாது என்பது அதன் சாரம். ஜகத்குரு பிரசாரத்தை நாம் ஒப்புகிறவரல்லோம். ஆனால், குழந்தைக்கும் ஒரு வாயுண்டு, அதைக் கேட்கவேண்டும் என்ற நியாயம் அவ்வழக்கில் ஒளிவிட்டதை மறுக்கமுடியாது.

நம் நாட்டு நிலை

1925-ல் இங்கிலாந்துச் சட்டம், குழந்தையின் நலனே முதன்மையானது, தாயுரிமையைவிடத் தந்தையுரிமை மேற்பட்டதன்று என்று திட்டமாகக் கூறியது. மலாயாவில் நம்மவர் நிலை வேறு. சடங்குப்படி நடந்த இந்து விவாகம் பலதாரத்துக்கு இடங்கொடுத்தது. 1952-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டமோ ஒருதார மணத்துக்கே உரியதாயிற்று. எனவே நம் பெண்களுக்கு விவாகரத்துக் கோர்ட்டின் கதவு மூடியே இருந்தது. சிங்கப்பூரில் 1961-ம் வருஷத்து மாதர் சாசனமும், மலேசியாவில் 1976-ல் நிறைவேறி 1982-ம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி அமலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டமும் முஸ்லிமல்லாதாருக்கு ஒருதார மணத்தையே சட்டமாக்கி அக்கதவைத் திறந்தன. மலேசியாவில் தந்தைக்குச் சமமான பாதுகாவலர் உரிமை தாய்க்குக் கிடைத்தது 1999-ல்தான்.

மலேசியச் சட்டத்தின் 88-ம் பிரிவைப் புரட்டினால் ஒரு வியப்பு. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நலமென்று அனுமானிக்கவேண்டும், தக்க சான்றிருந்தால் அதை மாற்றலாம் என்கிறது அது. 1839-ல் காரலைன் போராடிப் பெற்ற அதே ஏழு! பெற்றோரின் விருப்பத்தையும், கருத்துச் சொல்லும் வயதடைந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கவனிக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. பிள்ளை எவரிடம் வளர்ந்தாலும் பெற்றோருக்குப் பராமரிக்கும் கடமை உண்டு என்பது 92-ம் பிரிவு. பெற்றோர் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையையும் குழந்தையின் நலனுக்காகக் கோர்ட்டு திருத்தலாம் என்பது 97-ம் பிரிவு. ஜீவனாம்சம் கட்டத் தவறுபவனின் சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய 1968-ம் வருஷத்துச் சட்டம் வழிவகுக்கிறது. சம்பளப் புத்தகம் எழுதும் நம் போன்றோர் அறிவோம், ஒழுங்காகப் பிடித்தமாகும் பத்து வெள்ளி, வாயால் வாக்களிக்கும் நூறு வெள்ளியைவிட மேலானது.

நாம் செய்யவேண்டுவது

இச்சரித்திரம் நமக்குக் கற்பிப்பது யாது? நார்ட்டனின் பத்திரம் பயனற்றுப்போனதற்குக் காரணம், அதன் பின்னால் சட்டம் நிற்கவில்லை. இன்று நிற்கிறது. ஆயினும் நம்மவரிற் பலர் கோவிற் பஞ்சாயத்திலும் மாமன் மச்சான் முன்னிலையிலும் வாய்ப்பேச்சாகவே முடித்துக்கொள்கின்றனர். மூன்று மாதம் பணம் வரும். நான்காம் மாதம் நிற்கும். பஞ்சாயத்தார் பேசிவைப்பது நன்றே. பேசியதை எழுதிக் கோர்ட்டின் கட்டளையாக்குவது அதனினும் நன்று. விவாகத்தைப் பதிவு செய்யாதவர்களோ பிரியும்போது இருமடங்கு இன்னலுறுகின்றனர். ஆதலின் பதிவு முதற்கடமை.

இரண்டாவது, பணமும் சந்திப்பும் ஒன்றுக்கொன்று விலையல்ல. தகப்பன் தரும் தொகை மனைவிக்குத் தரும் கப்பமன்று. அது குழந்தையின் சோறும் புத்தகமும். வாரந்தோறும் தகப்பனைக் காண்பது தாய் இடும் பிச்சையன்று. அது குழந்தையின் உரிமை. பணம் நின்றதற்காகச் சந்திப்பை நிறுத்துவோரும், சந்திப்பு நின்றதற்காகப் பணத்தை நிறுத்துவோரும் ஒருவரையொருவர் தண்டிப்பதாக எண்ணிக் குழந்தையையே தண்டிக்கின்றனர்.

இருநூறு ஆண்டுகளாகச் சட்டம் மெல்ல மெல்லக் கேள்வியை மாற்றி வந்திருக்கிறது. "குழந்தை யாருடையது?" என்று தொடங்கிய கேள்வி, "குழந்தைக்கு யார் யார் வேண்டும்?" என்று முடிந்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் மாறிய கேள்வி நம் வீடுகளிலும் மாறவேண்டும். கணவன் மனைவி என்னும் உறவை நீதிமன்றம் ரத்துசெய்யலாம். தாய் தந்தை என்னும் கடமையை ரத்துசெய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. பிரிய நேர்ந்தவர்கள் இதனை நெஞ்சிற்கொண்டு நடப்பார்களாக!