சீட்டுக்கட்டுல பிறந்த கணக்கு

1946-ல நோய்ல இருந்து தேறிக்கிட்டிருந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியா சாலிடேர் ஆடிக்கிட்டே யோசிச்சார்: ஜெயிக்கிற வாய்ப்புக்கு சூத்திரம் தேடுறதை விட, நூறு ஆட்டம் ஆடி எண்ணிப் பார்த்தா என்ன? அணுகுண்டு ஆராய்ச்சிக்குப் போன அந்த 'மான்டி கார்லோ' முறைதான், இன்னைக்குப் புற்றுநோய் சிகிச்சையில கோடிக்கணக்கான ஃபோட்டான்களைக் கணினிக்குள்ள ஓடவிட்டு, திட்டமிட்ட கதிர்வீச்சு அளவு சரியான்னு பார்க்கவும் உதவுது.

எதுக்கு இந்த ரெண்டாவது கணக்கு? பனாமாவுல 2000-01-ல, தடுப்புக் கட்டைகளோட விவரத்தை வேற மாதிரி உள்ளிட்டப்போ, மென்பொருள் எச்சரிக்காமலே தப்பான நேரத்தைக் கொடுத்துச்சு. யாரும் தனியா சரிபார்க்கலை. 28 பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு. அதனாலேயே சிலர் இறந்தும் போனாங்க.

பொட்டி தட்டுற நமக்கு "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்றது பழக்கம். ஓடுறது வேற, சரியா இருக்கிறது வேற மக்களே!